வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்கும் முன்

தொழில் நடத்துவோரின் தொழிலாளர் சட்டச் சந்தேகங்களுக்கு வழக்கறிஞர் குழுவின் பதில்கள்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இப்போது இல்லை. "அப்படியானால் இனி ஆளை நிறுத்துவது சுலபம்தானே?" என்று பல கடிதங்கள் வந்துள்ளன. சுலபம் இல்லை. ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் தனிச் சட்டங்களும் தொடர்கின்றன. இந்த இதழின் கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வருகின்றன.

எங்கள் பனியன் கம்பெனியில் 7 வருடமாக வேலை செய்த பவர்டேபிள் டெய்லர் ஒருவர் 25 நாளாக வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. "10 நாள் சொல்லாமல் வராவிட்டால் வேலை தானாகவே போய்விடும்" என்று நியமனக் கடிதத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அதன்படி பெயரை நீக்கிவிட்டோம். இப்போது "காரணமில்லாமல் வேலை மறுக்கிறார்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?
— பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

நியமனக் கடிதத்தில் உள்ள அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. டி.கே. யாதவ் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த நிறுவனத்தின் நிலையாணையிலேயே, அதாவது சான்றளிக்கப்பட்ட பணி விதிகளிலேயே, 8 நாளுக்கு மேல் வராதவர் வேலையை இழப்பார் என்று இருந்தது. இருந்தும், விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் பெயரை நீக்கியது செல்லாது என்று கூறி, பாதிச் சம்பள பாக்கியோடு மீண்டும் வேலை கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

நோட்டீஸுக்கு இந்த வாரமே பதில் அனுப்புங்கள். பதிலில் திட்டாதீர்கள், பழைய குறைகளை அடுக்காதீர்கள். மூன்று விஷயம் போதும். வேலை மறுக்கப்படவில்லை. இன்ன தேதி காலை 8.30 மணிக்கு வந்து பணியில் சேரலாம். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை வராததற்குத் தனியாக விளக்கம் தர வேண்டும். அவர் வந்தால் உண்மையிலேயே மெஷினில் உட்கார வையுங்கள். கேட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அவர் வராவிட்டால், வேலை கொடுக்கத் தயாராக இருந்த தேதி எது என்று உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். பின்னாளில் சம்பள பாக்கியை எந்தத் தேதிவரை கணக்கிடுவது என்ற வாதத்தில் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பெயரை நீக்கியபோது உங்கள் கணக்கர் பி.எஃப். தளத்தில் அவருக்கு வேலையைவிட்ட தேதி போட்டுவிட்டாரா? இ.எஸ்.ஐ. கணக்கிலும் அப்படிக் குறித்தாரா? அங்கே ஒரு தேதியைப் பதிந்துவிட்டு, "நாங்கள் நீக்கவே இல்லை" என்று பதில் எழுதினால் முதல் குறுக்கு விசாரணையிலேயே அது உடைந்துவிடும். பதிந்திருந்தால் அதைச் சரிசெய்யும் நடவடிக்கையை எடுத்து, அதையும் பதிலில் சொல்லுங்கள்.

இனி ஒருவர் சொல்லாமல் நின்றால் இந்த வரிசையில் போங்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள் முதல் கடிதம்: பணிக்கு வாருங்கள், வராத காரணத்தைச் சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் இன்னொரு பத்து நாளில் இரண்டாவது கடிதம். பிறகு குற்றச்சாட்டு மெமோ. கடிதங்களை அவர் தங்கியுள்ள முகவரிக்கும் சொந்த ஊர் முகவரிக்கும் அனுப்புங்கள். பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டுடன் இணைந்துவிட்டதால், கவுன்ட்டரில் பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அது மட்டும் போதாது. "வாங்க மறுத்தார்", "ஆள் இல்லை" என்று திரும்பி வரும் உறையைப் பிரிக்காதீர்கள். ஒட்டிய உறையும் அதன்மேல் தபால்காரர் எழுதிய குறிப்பும் சேர்ந்ததுதான் ஆதாரம். இரண்டு முகவரியிலிருந்தும் திரும்பி வந்தால், அவருடைய ஊர்ப்பக்கம் விற்பனையாகும் தமிழ் நாளிதழில் சிறிய அறிவிப்பு கொடுக்கலாம்.

அவர் விசாரணைக்கும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக நடத்தலாம். "அவர்தான் வரவில்லையே" என்று ஒரே பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். ஒருதலைப்பட்ச விசாரணையிலும் உங்கள் மேற்பார்வையாளரோ அலுவலக உதவியாளரோ சாட்சியாக உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டையும் அனுப்பிய கடிதங்களையும் ஆவணமாகக் கொடுத்து, ஆள் வராததை நிரூபிக்க வேண்டும்.

அவர் உங்கள்மேல் வழக்குப் போட, நீக்கிய நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுப்பார். 45 நாள் கடந்தும் தீராவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயம் போகலாம். சமரச அலுவலர் கூப்பிடும் நாள்களில் ஆள் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டோம் என்பதை அந்தக் கோப்பிலேயே ஏற்ற அதுதான் நல்ல இடம்.

எங்கள் பட்டறையில் 60 பேர். ஒருவர் பித்தளை உதிரிகளை எடுத்துப் போகும்போது கேட்டில் மாட்டினார். சிசிடிவியிலும் பதிவாகியிருக்கிறது. அன்று இரவே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். உடனே டிஸ்மிஸ் செய்யலாமா? போலீஸில் புகார் கொடுத்தால் போதாதா?
— பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

இரவு பத்து மணிக்குக் காவலர் அறையில் எழுதி வாங்கிய ஒப்புதலை, மறுவாரமே "மிரட்டி வாங்கினார்கள்" என்று அவர் மறுக்க முடியும். அதை நம்பி ஒரே நாளில் டிஸ்மிஸ் செய்தால், திருடியவரே திரும்ப வந்து மெஷினில் நிற்கும் நிலை வரும். போலீஸ் புகார் தனி, விசாரணை தனி. கோர்ட்டில் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும். உங்கள் விசாரணையில், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆதாரம் காட்டினால் போதும். அதனால் போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் சிசிடிவியின் பதிவுக் கருவியான டிவிஆரில் உள்ள காட்சியை இன்றே நகல் எடுங்கள். பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும். பார்த்தோம் என்று சொல்லக் காட்சி இல்லாமல் நிற்கும் வழக்குகள் ஏராளம். கோர்ட்டில் தாக்கல் செய்ய 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். நகல் எடுத்த அன்றே, எடுத்தவரிடமே அதையும் தயார் செய்து கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது சஸ்பெண்ட் ஆணை. சஸ்பெண்ட் காலத்தில் பிழைப்பூதியம் கொடுத்தாக வேண்டும். 1981-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், 180 நாளைத் தாண்டினால் முழு ஊதியம். இதைக் கொடுக்காமல் நடத்திய விசாரணையை, "சாப்பாட்டுக்கே வழியில்லாதவர் எப்படி வந்து வாதாடுவார்?" என்று நீதிமன்றம் ரத்து செய்யக்கூடும். சஸ்பெண்ட் செய்த விசாரணையைப் பொதுவாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று புதிய தொழிலுறவுத் தொகுப்பும் சொல்கிறது. இழுத்தடித்தால் செலவு உங்களுக்குத்தான்.

பெரும்பாலான வழக்குகள் குற்றச்சாட்டு மெமோவிலேயே கெட்டுப்போகின்றன. "கம்பெனி பொருளைத் திருடி நம்பிக்கைத் துரோகம் செய்துள்ளீர்கள், உங்களை ஏன் டிஸ்மிஸ் செய்யக் கூடாது?" என்று எழுதினால், விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதியதாக ஆகிவிடும். இப்படி எழுதுங்கள்: "10.1.2026 சனிக்கிழமை இரவு 9.40 மணிக்கு, இரண்டாம் ஷிப்ட் முடிந்து நீங்கள் வெளியே செல்லும்போது, மெயின் கேட்டில் காவலர் சோதித்ததில் உங்கள் டிபன் பையில் 11 பித்தளை புஷ்கள், மொத்தம் 4 கிலோ, இருந்ததாகப் புகார் வந்துள்ளது. இது நிரூபிக்கப்பட்டால் பணி விதிகளின்படி கடும் ஒழுங்கீனமாகும். இதற்கு 7 நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்." தேதி, நேரம், இடம், பொருள், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரிந்தால் தமிழில் கொடுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர் என்றால் அவருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். ஆங்கில மெமோவை வாசித்துக் காட்டினோம் என்பது பலவீனமான வாதம்.

விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விசாரணை. விசாரணை அலுவலர், ஆளைப் பிடித்த காவலராகவோ புகார் கொடுத்த மேலாளராகவோ இருக்கக் கூடாது. வெளி வழக்கறிஞரை நியமிக்கலாம். தொழிலாளி துணைக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்து வரக் கேட்டால் அனுமதியுங்கள். முதல் அமர்வில் குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று மட்டும் கேட்க வேண்டும். மறுத்தால் நிர்வாகத் தரப்புச் சாட்சிகள்தான் முதலில். காவலர் சாட்சி சொன்ன உடனே குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும். சிசிடிவி காட்சியைத் தொழிலாளிக்குப் போட்டுக் காட்டி, நகலும் கொடுக்க வேண்டும். அதன் பிறகே தொழிலாளி தன் தரப்பைச் சொல்வார். பல இடங்களில் எடுத்த எடுப்பில் தொழிலாளியை உட்காரவைத்துக் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். அந்த ஒரு தவறே மொத்த விசாரணையையும் செல்லாததாக்கப் போதும். நடவடிக்கைக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அறையில் இருந்த அனைவரும் கையெழுத்திட வேண்டும். மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள்.

அறிக்கை வந்ததும் அதன் நகலைக் கொடுத்து, அதன்மேல் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். தண்டனையை முடிவு செய்யும்போது அவருடைய பழைய பதிவையும் பார்த்ததாக ஆணையில் இருக்க வேண்டும். தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்று பட்டால் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே போனஸோ கூலி உயர்வோ பற்றிய தகராறு தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருந்து, இவரும் அதில் சம்பந்தப்பட்டவர் என்றால், டிஸ்மிஸ் ஆணையோடு ஒரு மாதச் சம்பளமும் கொடுத்து, ஒப்புதல் மனுவும் போட வேண்டும். இதைத் தவறவிட்டால் டிஸ்மிஸே நிற்காது.

இன்னொன்று, உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள். விசாரணையில் குறை இருந்தது என்று தீர்ப்பாயம் கருதினால், குற்றத்தை அங்கேயே சாட்சி வைத்து நிரூபிக்க அனுமதி கேட்கலாம். அந்தக் கோரிக்கையை முதல் எதிர்வாதவுரையிலேயே, அதாவது தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யும் பதில் மனுவிலேயே, எழுதிவிட வேண்டும்.

நிலையாணை கட்டாயம் என்பது இப்போது 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில்தான். அதைக் கேட்டு நிம்மதியடையாதீர்கள். உங்கள் 60 பேருக்கும் எது ஒழுங்கீனம், அதற்கு என்ன நடைமுறை என்று எழுதிய பணி விதிகள் இல்லாவிட்டால், மெமோவில் மேற்கோள் காட்ட ஒன்றும் இருக்காது.

ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், 14 பேர். ஒரு விற்பனையாளர் 4 வருடம் 9 மாதம் வேலை செய்துவிட்டு, நோட்டீஸ் கொடுக்காமல் போன மாதம் நின்றுவிட்டார். 5 வருடம் ஆகாததால் கிராஜுவிட்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
— மதுரை

சரியில்லை. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டும் முழுமையாகிவிடும் என்று மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 240-ல் சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையும் சேரும். ஒன்பது மாதம் ஒழுங்காக வந்திருந்தால் அவர் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார். வாரத்துக்கு 6 நாளுக்குக் குறைவாக இயங்கும் இடத்தில் 190 நாளே போதும்.

கணக்கு இப்படி: கடைசி மாத ஊதியம் × 15 ÷ 26 × ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டாகும், ஆக 5. "ஊதியம்" என்றால் என்ன என்பதில்தான் புதிய தொகுப்பு மாற்றம் செய்திருக்கிறது. அவருக்கு மொத்தச் சம்பளம் 20,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 8,000, மற்றவை எல்லாம் படிகள் என்று வைத்துக்கொள்வோம். படிகள் மொத்தத்தில் பாதியை, அதாவது 10,000-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய 2,000 ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆக 10,000 × 15 ÷ 26 × 5 = 28,846 ரூபாய். பி.எஃப். குறைய வேண்டும் என்று அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளை ஊதிவைத்த கடைகள் எல்லாம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நோட்டீஸ் கொடுக்கவில்லை என்பதற்காகக் கிராஜுவிட்டியைப் பிடிக்க முடியாது. சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காக நீக்கப்பட்டால்தான் அதில் கைவைக்கலாம். 30 நாளுக்குள் கொடுங்கள். தாமதமானால் வட்டியும் சேரும்.

கடை என்பதால் ஒன்று: தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த திருத்தப்படி விற்பனையாளர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும். நாள் முழுக்க நிற்கிற கால்களின் வலி, வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

எங்கள் மருத்துவமனையில் 22 ஊழியர்கள். ஒரு நர்ஸ், ஆண் ஊழியர்மேல் பாலியல் தொல்லைப் புகார் சொன்னார். நானும் நிர்வாக அலுவலரும் இருவரையும் கூப்பிட்டுப் பேசி, அவரை மன்னிப்புக் கேட்க வைத்து முடித்துவிட்டோம். இது போதுமா?
— திருச்சி

போதாது. நீங்கள் நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம். ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாததற்கே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எதிரெதிரே உட்காரவைத்துப் பேசியது அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வேதனை. சமரசம் என்பது அவராகக் கேட்டால் மட்டுமே, குழு மூலமாக மட்டுமே நடக்கலாம். அதிலும் பணம் கொடுத்துத் தீர்ப்பது கூடாது.

இப்போதே எழுத்துமூல ஆணை போட்டுக் குழுவை அமையுங்கள். மூத்த பெண் ஊழியர் தலைவர், ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து பெண்கள் நலனில் பணியாற்றும் ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பிறகு அந்த நர்ஸிடம், குழுவிடம் எழுதிக் கொடுக்கும் உரிமை அவருக்கு இன்னமும் இருக்கிறது என்று தெரிவியுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் அனுமதிக்கலாம். நீங்கள் பேசித் தீர்த்ததாக நினைத்ததில் அவருக்குப் போன நாள்கள் அந்தக் காரணங்களில் ஒன்று.

புகார் வந்தால் 7 வேலை நாளில் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை 10 நாளில் உங்களுக்கு வர வேண்டும், நீங்கள் 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். அமர்வில் தலைவர் உட்பட மூவராவது இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் வாதாட இடமில்லை. ஷிப்ட் மாற்றம் தேவையென்றால் புகார் கொடுத்தவரைக் கேட்காமல் அவரை மாற்றாதீர்கள். வார்டு மாற்றப்படுவது புகார் கொடுத்தவர் என்றால் அடுத்த பெண் வாயைத் திறக்க மாட்டார். புகார் உங்கள்மேலேயே என்றால் உங்கள் குழு விசாரிக்க முடியாது, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுதான்.

மென்பொருள் நிறுவனம், 35 பேர். பயிற்சி கொடுத்துவிட்டு 2 வருட ஒப்பந்தம் போடுகிறோம், ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம். நடுவில் போனால் 2 லட்சம். செல்லுமா?
— சென்னை

ஒப்பந்தம் செல்லலாம், சான்றிதழ் பிடித்து வைப்பது கூடாது. ஒரு வங்கி அதிகாரியின் வழக்கில், குறைந்தபட்சக் காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை தொழில் உரிமையைத் தடுப்பதாகாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது ஆள்சேர்ப்புக்குத் தேர்வு, அறிவிப்பு என்று செலவாகும் பொதுத்துறை வங்கி. உங்களிடம், அந்த ஒருவருக்கு எத்தனை நாள் பயிற்சி, யார் கொடுத்தார், என்ன செலவு என்ற கணக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். வேலையைவிட்டுப் போன பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 27-வது பிரிவுப்படி செல்லாது. சான்றிதழ்களை இன்றே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

480 நாள் விதி வந்துவிடும் என்று 11 மாதத்துக்கு ஒருமுறை 15 நாள் பிரேக் கொடுத்துத் திரும்ப எடுக்கிறோம். 140 பேர் உள்ள மில்.
— ஈரோடு மாவட்டம்

பிரேக் உங்களைக் காப்பாற்றாது. 24 காலண்டர் மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரமாவார் என்பதுதான் 1981-ம் ஆண்டுத் தமிழ்நாடு நிரந்தரத் தகுதிச் சட்டத்தின் கணக்கு. இடையில் இரண்டு முறை 15 நாள் நிறுத்தினாலும் 480 வந்துவிடும், போட்டுப் பாருங்கள். அந்த நிறுத்தங்கள், வேலை தொடர்ந்து இருந்தது என்பதற்கே சாட்சியாகும். உண்மையிலேயே காலவரையறை உள்ள வேலை என்றால் அதை நியமனக் கடிதத்தில் காரணத்தோடு எழுதுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்குள்ள சம்பளமும் சலுகையும் அவருக்கும் உண்டு. ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டியும் உண்டு.

மே 1 அன்று அவசர ஆர்டருக்கு ஆள் வரவழைத்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?
— கரூர்

இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும். 1958-ம் ஆண்டுத் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு வேறு ஐந்து, ஆக ஆண்டுக்கு 9 நாளுக்கும் இதே கணக்கு.

வேலையைவிட்டுப் போகிற டிரைவர் வண்டியை இடித்து வைத்திருக்கிறார். பழுதுச் செலவு 18,000. கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா? கணக்கு முடிக்க எத்தனை நாள்?
— சேலம்

விலகிய நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கு முடிய வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. "அடுத்த மாதம் 10-ம் தேதி வந்து வாங்கிக்கொள்" என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சேதத்துக்குப் பிடிக்கலாம், ஆனால் அது அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் முன் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். பிடித்தம் எல்லாம் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இன்ஷூரன்ஸில் வந்த தொகையைக் கழித்த பிறகு உள்ள நஷ்டம்தான் உங்கள் நஷ்டம். ஒர்க்‌ஷாப் பில், வண்டியின் படம், அன்றைய டிரிப் ஷீட், அவர் எழுதிய விளக்கம் ஆகிய நான்கையும் கணக்கு முடித்த ரசீதோடு சேர்த்து வையுங்கள்.